தூக்குமேடை ஏறிய சங்கத் தலைவர் – மலாயா கணபதி

1949ஆம் ஆண்டு மே 4, புதன்கிழமை. கோலாலம்பூர் புடு சிறையில் ஒரு தமிழர் தூக்கிலிடப்பட்டார். அவர் யாரையும் கொன்றதாக வழக்கு இல்லை. கொள்ளையடித்ததாகவும் இல்லை. ஒரு கைத்துப்பாக்கியையும் ஆறு தோட்டாக்களையும் அனுமதியின்றி வைத்திருந்தார் என்பதே குற்றச்சாட்டு. அதற்கு ஓராண்டுக்கு முன்பு வரை அவர் அகில மலாயா தொழிற்சங்கங்களின் சம்மேளனத்துக்குத் தலைவர். 1947இல் அந்தச் சம்மேளனம் கணக்குக் காட்டிய உறுப்பினர்கள் இரண்டரை இலட்சத்துக்கும் மேல். சீனரும் இந்தியரும் மலாய்க்காரரும் கலந்திருந்த அந்தப் பெரும் படைக்கு ஒரு தமிழர் தலைமை ஏற்றிருந்தார். அவர்தாம் எஸ். ஏ. கணபதி.

தமிழ்நாட்டில் தஞ்சை, பட்டுக்கோட்டைப் பக்கம் போய்க் கேட்டால், மலாயா கணபதி என்று இன்றும் சொல்லக்கூடிய பெரியவர்கள் இருக்கிறார்கள். அவர் பெயருக்கு முன்னால் நம் நாட்டின் பெயரையே ஒட்டி வைத்திருக்கிறார்கள். அந்த நாட்டில் பிறந்து வளர்ந்த நமக்கோ, பல்கலைக்கழகத்துக்கு வந்த பிறகும் அந்தப் பெயர் புதிது. பள்ளி வரலாற்றில் அவசரகாலம் என்றால் சுங்கை சிப்புட்டில் மூன்று வெள்ளைக்காரத் தோட்ட அதிகாரிகள் சுடப்பட்ட நாளிலிருந்துதான் நாம் படித்தோம். அதற்கு முந்திய வாரம் என்ன நடந்தது என்று கேட்கும் பழக்கம் நமக்கு வரவில்லை. கணபதியின் வாழ்க்கையைத் தேடினால் அந்த முந்திய வாரத்தில்தான் போய் நிற்க வேண்டியிருக்கிறது.

தஞ்சாவூர் மாவட்டம் பட்டுக்கோட்டை வட்டாரத்தில் உள்ள தம்பிக்கோட்டை கணபதியின் சொந்த ஊர். அந்தக் கடலோரப் பகுதியிலிருந்து சிங்கப்பூருக்கும் மலாயாவுக்கும் கப்பல் ஏறாத குடும்பம் குறைவு. கணபதியும் சிறுவயதிலேயே சிங்கப்பூருக்கு வந்தார். அங்கேதான் படித்தார், வளர்ந்தார். எனவே அவரைத் தமிழ்நாட்டிலிருந்து வந்து இங்கே கிளர்ச்சி செய்த வெளியூர்க்காரர் என்று சொல்வது பொருந்தாது. அவருக்கு அரசியல் கற்றுக் கொடுத்தது சிங்கப்பூர்தான். அங்கிருந்த இடதுசாரிகளோடு அவருக்குத் தொடர்பு ஏற்பட்டது. கம்யூனிஸ்டுக் கட்சியில் சேர்ந்தார். இதை மறைத்து எழுதுவதில் பயனில்லை. அவரைத் தியாகி என்று எழுதுகிறவர்கள் சிலர் இதைச் சொல்லாமல் தாண்டிப் போகிறார்கள். அவரைப் பயங்கரவாதி என்று எழுதுகிறவர்கள் இதைத் தவிர வேறெதையும் சொல்வதில்லை.

போருக்கு முன் தோட்டம் எப்படி இருந்தது என்பது நம் வீடுகளில் பாட்டன் பாட்டி சொல்லித் தெரிந்ததுதான். 1930களின் இறுதியில் ஆணுக்கு நாள் ஒன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. விடியுமுன் பெரட்டு, பிறகு பால்மரக் காடு. லயன் வீடு தோட்டத்தின் சொத்து. வேலை போனால் வீடும் போயிற்று. கடனும் கள்ளுக்கடையும் தோட்டத்துக்குள்ளேயே. சைக்கிளில் போகும் தொழிலாளி எதிரே துரை வந்தால் இறங்கி நிற்க வேண்டும். 1941இல் கிள்ளான் வட்டாரத் தொழிலாளர்கள் ஆர். எச். நாதன் முதலியோர் தலைமையில் வேலை நிறுத்தம் செய்தபோது கூலி உயர்வோடு இந்த சைக்கிள் வழக்கத்தையும் ஒழிக்கச் சொல்லிக் கேட்டார்கள்; கள்ளுக்கடைகளை மூடச் சொன்னார்கள்; சீனத் தொழிலாளிக்குக் கொடுக்கும் கூலியை எங்களுக்கும் கொடு என்றார்கள். நாதன் கைதாகி நாடு கடத்தப்பட்டார். இராணுவம் வந்தது. தொழிலாளர்கள் சுட்டுக் கொல்லப்பட்டனர். அப்போது சிலாங்கூரில் அவசரநிலையும் அறிவிக்கப்பட்டது. ஆக, 1948க்கு முன்பே நம் மக்கள் ஓர் அவசரநிலையைப் பார்த்துவிட்டார்கள்.

அதே ஆண்டு டிசம்பரில் ஜப்பான்காரன் வந்தான். துரைமார்கள் தோட்டங்களை விட்டு ஓடியதைத் தொழிலாளர்கள் கண்ணால் கண்டார்கள். சயாம் – பர்மா ரயில் பாதைக்குப் பிடித்துக்கொண்டு போகப்பட்ட தமிழர்கள் பல்லாயிரவர். திரும்பி வந்தவர்கள் நோயாளிகளாக வந்தார்கள். 1943 ஜூலையில் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூர் வந்த பிறகு இந்திய தேசிய இராணுவத்தில் தோட்டத் தொழிலாளர்கள் திரளாகச் சேர்ந்தார்கள். கணபதியும் அதில் இருந்தார்; பயிற்சி கொடுப்பவராகப் பணியாற்றினார். ஜப்பானை எதிர்த்த கட்சியைச் சேர்ந்தவர் ஜப்பானோடு கூட்டுச் சேர்ந்த படையில் இருந்தது எப்படி என்று கேட்கலாம். அன்றைய மலாயா இந்தியருக்கு அது அவ்வளவு முரணாகத் தெரியவில்லை. வெள்ளையனை வெளியேற்றுவது ஒன்றே அப்போது கண்முன் நின்றது. அரசியல் கட்சிகளின் கணக்கு வேறு, மக்கள் மனத்தின் கணக்கு வேறு.

ஆனால் இந்திய தேசிய இராணுவம் தொழிற்சங்க வரலாற்றில் விட்டுச் சென்றது ஒன்று உண்டு. பெரட்டில் தலை குனிந்து நின்றவன் சீருடை போட்டு நெஞ்சு நிமிர்ந்து நடந்து பழகினான். ஆணை கொடுக்கவும் கணக்கு வைக்கவும் கூட்டத்தில் எழுந்து பேசவும் கற்றான். 1945இல் போர் முடிந்து துரை திரும்பி வந்து பழைய பெரட்டை நடத்தத் தொடங்கியபோது எதிரே நின்றது பழைய தொழிலாளி அல்லன்.

சங்கம் எப்படி வளர்ந்தது

போர் முடிந்த கையோடு சிங்கப்பூரிலும் மலாயாவிலும் பொதுத் தொழிலாளர் சங்கங்கள் எழுந்தன. அரிசி கிடைக்கவில்லை, கிடைத்த அரிசியின் விலையோ போருக்கு முந்திய விலையைப்போல் பல மடங்கு. கூலி மட்டும் பழைய இடத்தைச் சுற்றியே நின்றது. 1945 அக்டோபரில் சிங்கப்பூர்த் துறைமுகத் தொழிலாளர்கள் வேலை நிறுத்தம் செய்தார்கள். தங்கள் கூலிக்காக மட்டுமன்று. இந்தோனேசிய மக்களை அடக்க டச்சுக்காரர்களுக்கு ஆயுதம் ஏற்றிச் செல்லும் கப்பல்களில் வேலை செய்ய மாட்டோம் என்றும் நின்றார்கள். அடுத்த ஜனவரி 29, 30ஆம் தேதிகளில் சிங்கப்பூரில் பொது வேலை நிறுத்தம் நடந்தது. போர்க்காலத்தில் துறைமுகக் கூலியும் தோட்டக் கூலியும் ஒன்றாகப் பட்ட துன்பம் இப்போது ஒரே அமைப்பாக உருவெடுத்தது. அந்த அமைப்பில் வேலை செய்து முன்னுக்கு வந்தவர்களில் ஒருவர்தாம் கணபதி.

பொதுச் சங்கம் என்றால் எல்லாத் தொழிலும் ஒரே கூரையின் கீழ். அரசாங்கத்துக்கு அது பிடிக்கவில்லை. 1940இல் எழுதி வைத்திருந்த தொழிற்சங்கச் சட்டத்தை 1946இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. தொழில்வாரியாகத் தனித்தனிச் சங்கம், பதிவு, ஆண்டுக் கணக்கு, பொறுப்பாளர் பட்டியல் எல்லாம் வேண்டும் என்றது. தொழிலாளர்கள் அதற்கும் உட்பட்டார்கள். தனித்தனிச் சங்கங்களாகப் பிரிந்து பதிந்து, அந்தச் சங்கங்களை மாநில அளவிலும் அகில மலாயா அளவிலும் இணைத்துச் சம்மேளனம் அமைத்துக்கொண்டார்கள். கணபதி விரைவிலேயே அதன் தலைவரானார்.

இங்கே சற்று நின்று, ஒரு தோட்டத்துச் சங்கக் கிளை எப்படி நடந்தது என்று பார்க்க வேண்டும். கணபதியைப் பற்றி எழுதும்போது எல்லாரும் துப்பாக்கியைப் பற்றி எழுதுகிறோம். அவர் தம் பொது வாழ்வின் பெரும் பகுதியைச் செலவழித்ததோ கூட்டங்களில்தான்.

தோட்டம் என்பது தனியார் நிலம். வெளியாள் நிர்வாகத்தின் அனுமதியின்றி உள்ளே காலடி வைத்தால் அத்துமீறல் வழக்குப் போடலாம், போட்டார்கள். ஆகவே சங்கத்துக்காரர் லயனுக்குள் வந்து பேச முடியாது. சாலையோரத்திலோ பக்கத்துச் சிறு பட்டணத்தில் ஒரு கடைவீட்டு மாடியிலோதான் கூட்டம் நடத்த வேண்டும். பகலெல்லாம் மரம் வெட்டிப் பால் எடுத்தவர்கள் பொழுது சாய்ந்த பிறகு நடந்தோ சைக்கிளிலோ வரவேண்டும். சந்தா வசூல் கணக்கைப் படிப்பார்கள். யாருக்கு வேலை நின்றது, எந்தக் கிராணி எடையில் பாலைக் குறைத்து எழுதினான், ஆயாக் கொட்டகையில் குழந்தைகளைப் பார்க்க ஆள் போதவில்லை, கிணற்றுத் தண்ணீர் கெட்டுப் போயிற்று என்று ஒவ்வொன்றாக வரும். இவற்றையெல்லாம் எழுத்தாக்கி நிர்வாகத்துக்கும் தொழிலிலாகாவுக்கும் அனுப்ப வேண்டும். அங்கேதான் சிக்கல். கடிதம் ஆங்கிலத்தில் போக வேண்டும். லயனில் ஆங்கிலம் எழுதத் தெரிந்தவர் யார்? கிராணிதான். அவரோ நிர்வாகத்தின் ஆள். வெளியிலிருந்து வரும் படித்த சங்கத்துக்காரர் இல்லாமல் கிளையால் ஒரு கடிதம்கூட அனுப்ப முடியாது. கணபதி போன்றவர்களின் இடம் இதுதான்.

அடுத்தது பணம். ஒரு தோட்டத்தில் இருநூறு பேர் வேலை நிறுத்தம் செய்தால் முதல் வாரம் சமாளிப்பார்கள். இரண்டாவது வாரம் கடைக்காரன் கடன் நிறுத்துவான். நிர்வாகம் வீட்டைக் காலி செய்யச் சொல்லும். அப்போது துறைமுகத் தொழிலாளியின் சந்தாவிலிருந்தோ நகராட்சித் தொழிலாளியின் சந்தாவிலிருந்தோ அரிசி வந்தால்தான் அந்த வேலை நிறுத்தம் நிற்கும். சம்மேளனம் என்பதன் பொருள் தொழிலாளிக்கு இப்படித்தான் விளங்கியிருக்கும். அது மேடைப் பேச்சில் வந்த ஒற்றுமை மட்டுமன்று. இரண்டாவது வாரத்து அரிசியும் அதுதான்.

ஒரே வேலைக்கு இனம் பார்க்காமல் ஒரே கூலி, பெண்ணுக்கும் அதே கூலி, எட்டு மணி நேர வேலை ஆகியவை சம்மேளனம் முன்வைத்த கோரிக்கைகள். ஒரே கூலி என்ற கோரிக்கை இன்று சாதாரணமாகப் படும். அன்று அது தோட்ட முதலாளிகளின் கணக்கையே கவிழ்க்கக் கூடியது. சீனக் குத்தகைத் தொழிலாளிக்கு ஒரு விகிதம், தமிழ்த் தொழிலாளிக்கு ஒரு விகிதம் என்று வைத்து, ஒருவன் கை நிறுத்தினால் மற்றவனைக் கொண்டு வேலை வாங்கும் ஏற்பாடு பல காலமாக நடந்து வந்தது. கணபதி ஒரு தமிழர்; சம்மேளனத்தின் உறுப்பினர்களில் பெரும் பகுதியினர் சீனர். அந்தச் சம்மேளனத்துக்கு ஒரு தமிழரைத் தலைவராக வைத்தது வெறும் அலங்காரம் என்று சிலர் எழுதுகிறார்கள். இருக்கலாம், முடிவுகளைக் கட்சி எடுத்திருக்கலாம். ஆனால் அலங்காரத்துக்காக வைத்த ஒருவரை நாடே உற்று நோக்கத் தூக்கிலிட வேண்டிய அவசியம் அரசாங்கத்துக்கு ஏன் வந்தது என்ற கேள்விக்கு அவர்களிடம் பதில் இல்லை.

எல்லாத் தோட்டப் போராட்டமும் சம்மேளனத்தின் வேலை என்று சொல்லவும் கூடாது. கெடாவில் ஏ. எம். சாமியின் தலைமையில் எழுந்த தொண்டர் படை தனி வழியில் வளர்ந்தது. கள்ளுக்கடைகளுக்கு எதிரான மறியல்தான் அதன் முதல் வேலை. 1947 தொடக்கத்தில் பீடோங் வட்டாரத்தில் காவல் துறையோடு மோதல் ஏற்பட்டு உயிர்ச்சேதமும் நேர்ந்தது. கள்ளை நிறுத்து என்பதற்கும் கூலியை உயர்த்து என்பதற்கும் உள்ள உறவை அந்தத் தொழிலாளர்கள் யாரும் சொல்லித் தெரிந்துகொள்ளவில்லை. கூலிப் பணம் மாலைக்குள் தோட்டத்துக் கடைக்கே திரும்பிப் போவதை அவர்கள் தினமும் பார்த்தவர்கள்.

1947 அக்டோபர் 20ஆம் நாள் நாடெங்கும் நடந்த ஹர்த்தாலிலும் சம்மேளனத்துக்குப் பங்குண்டு. பிரிட்டிஷார் கொண்டுவந்த அரசியலமைப்புத் திட்டத்தை எதிர்த்து, அகில மலாயா கூட்டு நடவடிக்கைக் குழுவும் புத்ராவும் சேர்ந்து மக்கள் அரசியலமைப்பு ஒன்றை எழுதி முன்வைத்தன. சங்கங்கள் அதில் தோள் கொடுத்தன. தோட்டத்துப் பிரச்சினை பேசிய சங்கம் நாட்டின் குடியுரிமையைப் பேசத் தொடங்கிய கட்டம் அது. அரசாங்கம் சங்கத்தின் மீது கை வைக்க முடிவு செய்ததற்குக் கூலிப் போராட்டம் மட்டும் காரணமன்று என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

முந்திய வாரம்

1948 மே 31ஆம் நாள் கூட்டரசுச் சட்டமன்றத்தில் தொழிற்சங்கச் சட்டத்துக்குத் திருத்தம் வந்தது. அதில் மூன்று கூறுகள் முக்கியமானவை. சங்கப் பொறுப்பாளராக இருப்பவர், செயலாளரைத் தவிர, அந்தத் தொழிலில் குறைந்தது மூன்றாண்டு வேலை செய்திருக்க வேண்டும். மிரட்டல், பணம் பறித்தல் போன்ற குற்றங்களுக்குத் தண்டனை பெற்றவர் பொறுப்பு வகிக்கக் கூடாது. ஒரே தொழிலைச் சேர்ந்த சங்கங்கள் மட்டுமே சம்மேளனம் அமைக்கலாம்.

படித்தால் நியாயமாகத் தோன்றும் விதிகள் இவை. தொழில் தெரியாதவன் ஏன் தலைவனாக வேண்டும், குற்றவாளி ஏன் தலைவனாக வேண்டும் என்று யாரும் கேட்பார்கள். தோட்டத்து நிலையோடு வைத்துப் பார்த்தால்தான் உள்ளே இருப்பது தெரியும். சங்கம் வைத்தவனை நிர்வாகம் வேலையை விட்டு நிறுத்தும். பக்கத்துத் தோட்டத்திலும் அவனுக்கு வேலை கிடைக்காது. மூன்றாண்டு ஒரே தொழிலில் நீடிப்பது யாரால் முடியும்? அடங்கி நடந்தவனால் முடியும். மறியலின்போது வேலைக்குப் போனவனைத் தடுத்தால் அது மிரட்டல். மறியல் நடத்திச் சிறை போன தலைவர்கள் அதோடு வெளியே. மூன்றாவது விதியோ சம்மேளனத்தின் அடிவேரையே வெட்டியது. இரப்பர்த் தொழிலாளியும் துறைமுகத் தொழிலாளியும் ஒரே அமைப்பில் இருக்க முடியாது என்றால் இரண்டாவது வாரத்து அரிசிக்கு வழியில்லை.

ஜூன் இரண்டாம் வாரத்தில் அகில மலாயா சம்மேளனத்தின் பதிவு போயிற்று, சம்மேளனம் சட்டவிரோதமானது. ஜூன் 16ஆம் நாள் சுங்கை சிப்புட்டில் தோட்ட அதிகாரிகள் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். ஜூன் 18ஆம் நாள் கூட்டரசு முழுவதிலும் அவசரகாலம் நடைமுறைக்கு வந்தது. இந்த வரிசையைக் கவனிக்க வேண்டும். முதலில் மூடப்பட்டது சங்கம். துப்பாக்கிச் சூடு அதற்குப் பின்னால்தான் வந்தது. சங்கத்தை மூடாமல் இருந்திருந்தால் ஆயுதக் கிளர்ச்சியே வந்திருக்காது என்று நான் சொல்ல வரவில்லை. கட்சி அதற்கு முன்பே அந்தத் திசையில் திரும்பத் தொடங்கிவிட்டது. அதற்கு முந்திய வாரங்களிலும் தோட்டங்களிலும் சுரங்கங்களிலும் வன்முறை நடந்திருந்தது. ஆனால் கட்சியில் இல்லாத, காட்டுக்குப் போக எண்ணாத இலட்சக்கணக்கான சாதாரணத் தொழிலாளர்களுக்கும் அந்த வாரத்தோடு கூடிப் பேச இடமில்லாமல் போயிற்று. அவர்கள் செய்த குற்றம் சந்தா கட்டியது ஒன்றுதான்.

தடைக்குப் பின் சங்கத் தலைவர்கள் பலர் பிடிபட்டனர். பலர் நாடு கடத்தப்பட்டனர். கணபதி தலைமறைவானார். அடுத்த எட்டு மாதங்களைப் பற்றி உறுதியான செய்தியை விடக் கதைகளே அதிகம் உலவுகின்றன. அவற்றை இங்கே எடுத்துப் போட விரும்பவில்லை.

ஒன்பது வாரம்

1949 பிப்ரவரி இறுதியில், அரசாங்கத்தின் ஆதரவோடு, கோலாலம்பூரில் மலாயாத் தொழிற்சங்கப் பேராளர் மாநாடு கூடியது. இன்றைய மலேசியத் தொழிற்சங்கக் காங்கிரசுக்கு வித்திட்ட மாநாடு அது. மார்ச் 1ஆம் நாள், கோலாலம்பூருக்கு வடக்கே ரவாங் அருகேயுள்ள வாட்டர்ஃபால் தோட்டத்தில் கணபதி கைது செய்யப்பட்டார். பழைய சம்மேளனத்தின் தலைவர் பிடிபட்டதும் புதிய அமைப்புக்கு அடிக்கல் நாட்டியதும் கிட்டத்தட்ட ஒரே சமயத்தில் நடந்தன. யாரும் திட்டமிட்டுச் செய்ததாகச் சொல்ல ஆதாரமில்லை. தேதிகள் அப்படி அமைந்துவிட்டன.

அவரிடம் ஒரு கைத்துப்பாக்கியும் ஆறு தோட்டாக்களும் இருந்தன. துப்பாக்கி வழியில் கிடைத்தது, காவல் நிலையத்தில் ஒப்படைக்கவே எடுத்துக்கொண்டு போனேன் என்பது அவர் தரப்பு. நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. அதை நம்புவது எனக்கும் கடினமாகத்தான் இருக்கிறது. தலைமறைவாக இருந்த ஒருவர் காவல் நிலையத்தைத் தேடிப் போவாரா? ஆயினும் வழக்கின் நியாயம் அந்த ஒரு கேள்வியோடு முடிவதில்லை. அவசரகால விதிகளின்படி அனுமதியின்றி ஆயுதம் வைத்திருந்தால் மரண தண்டனை. வேறு தண்டனை கொடுக்க நீதிபதிக்கு இடமில்லை. அந்தத் துப்பாக்கியால் யாரையாவது சுட்டாரா, சுட எண்ணினாரா என்ற கேள்விக்கு அந்த விதியில் வேலையில்லை. மார்ச் 15ஆம் நாள், கைதான இரண்டே வாரத்தில், கோலாலம்பூர் உயர்நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. மேல்முறையீடு தள்ளுபடியாயிற்று. கருணை மனுவும் பலிக்கவில்லை.

இந்தியாவில் செய்தி பரவியதும் எதிர்ப்பு எழுந்தது. அப்போது மலாயாவில் இந்திய அரசின் பிரதிநிதியாக இருந்தவர் ஜான் திவி. ம.இ.கா.வின் முதல் தலைவராக இருந்தவரும் அவரே. இலண்டனில் இந்தியத் தூதராக இருந்தவர் கிருஷ்ண மேனன். இருவர் வழியாகவும் உயிரைக் காப்பாற்ற முயற்சி நடந்தது. அந்த ஏப்ரலில் இந்தியப் பிரதமர் நேருவே இலண்டனில் இருந்தார். குடியரசாகப் போகும் இந்தியா காமன்வெல்த்தில் நீடிப்பதா இல்லையா என்று முடிவு செய்யும் மாநாடு அது. ஏப்ரல் 28ஆம் நாள் இலண்டன் பிரகடனம் வெளியாயிற்று, இந்தியா நீடித்தது. ஆறு நாள் கழித்து புடு சிறையில் கணபதி தூக்கிலிடப்பட்டார். புதிய உறவுக்கு மதிப்பளித்தாவது ஒரு தமிழனின் கழுத்தைக் கயிற்றிலிருந்து விடுவிப்பார்கள் என்று எதிர்பார்த்தவர்கள் ஏமாந்தார்கள்.

அப்போது பிரிட்டனை ஆண்டது அட்லியின் தொழிற்கட்சி அரசாங்கம். தொழிற்சங்கங்கள் சேர்ந்து உருவாக்கிய கட்சி அது. காலனி அமைச்சர் கிரீச் ஜோன்ஸ் தொழிற்சங்கப் பணியிலிருந்தே அரசியலுக்கு வந்தவர். தூக்கைத் தடுக்கும் கடைசி வாய்ப்பு அப்படிப்பட்டவர்கள் கையில்தான் இருந்தது. தங்கள் நாட்டில் சங்கம் வைக்கும் உரிமைக்காகப் பாடுபட்ட அதே மனிதர்கள் இரப்பரும் ஈயமும் கொண்டுவரும் டாலர் விஷயத்தில் வேறு மனிதர்களாகிவிட்டார்கள். போரில் நொடித்த பிரிட்டனுக்கு அந்த டாலர் எவ்வளவு தேவைப்பட்டது என்பதைப் பொருளாதாரம் படிக்கும் மாணவர்கள் நன்கு அறிவார்கள்.

கணபதி தூக்கிலேறியதற்கு முந்திய நாள், மே 3ஆம் தேதி, சிங்கப்பூர்த் தொழிற்சங்கத் தலைவராக இருந்த பி. வீரசேனன் பாதுகாப்புப் படையினரால் சுட்டுக் கொல்லப்பட்டார். அவரும் முத்துப்பேட்டைப் பக்கத்து ஆலங்காட்டுக்காரர். அடுத்தடுத்த இரண்டு நாளில் ஒரே வட்டாரத்து இருவர். சிங்கப்பூரில் இவர்களோடு உறவாடித் திரும்பிய வாட்டாக்குடி இரணியன் 1950 மே மாதம் தஞ்சை மாவட்டத்தில் காவல் துறையின் குண்டுக்குப் பலியானார். அவர் கதையை ஒட்டி 1999இல் தமிழ்நாட்டில் திரைப்படமே வந்துவிட்டது.

இன்னொரு வழக்கையும் இங்கே சொல்லியாக வேண்டும். சட்டம் படிக்கும் நம் நண்பர்களுக்கு சாம்பசிவம் வழக்கு தெரிந்திருக்கும். 1948 செப்டம்பரில் ஜொகூரில் பிடிபட்ட தமிழர் ஒருவருக்கு, அதே அவசரகால விதிகளின்கீழ், துப்பாக்கி வைத்திருந்ததற்காக மரண தண்டனை விதிக்கப்பட்டது. வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை போயிற்று. 1950இல் தண்டனை இரத்தானது. அவர் உயிரோடு வெளியே வந்தார். முன்பு ஒரு குற்றச்சாட்டிலிருந்து விடுவிக்கப்பட்டவரை அதே விஷயத்தில் மறுபடியும் குற்றவாளியாக்க முடியாது என்ற கோட்பாட்டுக்கு அந்தத் தீர்ப்பு இன்றும் பல நாட்டு நீதிமன்றங்களில் மேற்கோளாகிறது. இரண்டு வழக்கும் ஒன்றல்ல, சட்டப் பிரச்சினைகளும் வேறு. ஆனால் சாம்பசிவத்துக்குக் காலம் கிடைத்தது. கணபதிக்குக் கைதிலிருந்து கயிறு வரை ஒன்பது வாரமும் ஒரு நாளுமே கிடைத்தன.

அதற்குப் பின்

கணபதி இறந்த பிறகு தோட்டங்களில் சங்கம் என்ற சொல்லையே கொஞ்ச காலம் மெதுவாகத்தான் உச்சரித்தார்கள். என் பாட்டி அந்தக் காலத்தில் தோட்டத்தில் வேலை செய்தவர். பழைய சந்தாச் சீட்டை அடுப்பில் போட்டுக் கொளுத்தியதை ஒரு முறை சொன்னார். யார் தலைவர், எந்தச் சங்கம் என்று கேட்டதற்கு, அதெல்லாம் உனக்கு எதுக்கு, படிக்கிற வேலையைப் பாரு என்று முடித்துக்கொண்டார். 1990களில் நடந்த பேச்சு இது. நாற்பது ஆண்டு கழிந்தும் அந்தச் சீட்டு அவர் கையைச் சுட்டுக்கொண்டிருந்தது.

பிறகு சங்கங்கள் மீண்டும் எழுந்தன. நெகிரி செம்பிலானில் தொழிற்சங்கப் பணியைத் தொடங்கிய பி. பி. நாராயணன், 1954இல் தோட்டத் தொழிலாளர் சங்கங்கள் இணைந்து தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவானபோது அதன் பொதுச் செயலாளரானார். அனுமதிக்கப்பட்ட எல்லைக்குள் நின்று, பேச்சுவார்த்தை மேசையில் கூலியைக் காசு காசாக உயர்த்தியவர் அவர். அவரைக் கணபதியோடு ஒப்பிட்டு ஒருவரை உயர்த்தி ஒருவரைத் தாழ்த்தும் விவாதம் மாணவர் விடுதிகளில் நள்ளிரவு வரை நடப்பதுண்டு. எனக்கு அதில் ஈடுபாடில்லை. பழைய சம்மேளனத்தின் கதி என்ன ஆயிற்று என்பது நாராயணன் தலைமுறைக்கு நன்றாகத் தெரியும். எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிந்துதான் அவர்கள் பேசினார்கள். அதனால் சங்கம் பிழைத்தது. அந்தப் பிழைப்புக்காகக் கணபதியின் பெயரை மேடையில் சொல்லாமல் விட்டார்கள். அவர் பெயர் நம்மிடம் வராமல் போனதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

1948இல் வந்த திருத்தத்தின் நிழல் நாடு விடுதலை பெற்ற பிறகும் நீங்கவில்லை. ஒரே தொழில் அல்லது ஒரே துறை சார்ந்தவர்கள்தாம் ஒரு சங்கத்தில் சேரலாம் என்ற கட்டு 1959ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டத்திலும் இருந்தது. நாடாளுமன்றம் நிறைவேற்றிய திருத்தம் நடைமுறைக்கு வந்து அந்தக் கட்டுத் தளர்ந்தது 2024 செப்டம்பர் 15ஆம் நாள். தோட்டங்களில் இப்போது பால் வெட்டுவோரும் செம்பனைக் குலை அறுப்போரும் பெரும்பாலும் வெளிநாட்டுத் தொழிலாளர்கள். நம் குடும்பங்கள் பட்டணத்து அடுக்குமாடிகளுக்கும் தொழிற்பேட்டைகளுக்கும் போய்ப் பல ஆண்டுகள் ஆகின்றன.

புடு சிறையிலிருந்து கைதிகளை 1996இல் சுங்கை பூலோவுக்கு மாற்றினார்கள். 2010 ஜூனில் மதிலை இடிக்கத் தொடங்கினார்கள். 2022 ஜனவரியில் அதே நிலத்தில் லாலாபோர்ட் பேரங்காடி திறக்கப்பட்டது. சிறையின் பழைய முகப்பு வாயிலை மட்டும் இடிக்காமல் விட்டிருக்கிறார்கள். கடைக்குப் போகிறவர்கள் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். சென்ற ஆண்டு நாங்கள் நால்வர் போயிருந்தபோது எங்களையும் ஒரு படம் எடுத்துத் தரச் சொல்லி ஒருவரிடம் கைப்பேசியைக் கொடுத்தோம். எதற்காக அந்த வாயிலைத் தேடி வந்தோம் என்று அவர் கேட்டார். சொன்னோம். அவர் பெயரை இன்னொரு முறை கேட்டுத் தம் கைப்பேசியில் எழுதிக்கொண்டார்.